பங்காக்காரர் வீட்டுக் கால்

தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் தவமணிக்குக் காலையிலிருந்து. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று நாளைக்கு மாற்றிப் பேசிக்கொள்ளலாம். போனில் பேசி அனுப்பினால் அப்படியே கிடக்கும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தங்கை மகள் மதிவதனி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பாள், இந்த இடத்தில் பெரியம்மா இழுக்கிறாள், இந்த இடத்தில் எச்சில் முழுங்குகிறாள், என்னமோ மறைக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாள், படித்த பெண். "பெரியம்மா, உங்களுக்குத் தெரிஞ்சதை அப்படியே சொல்லுங்க, கதையெல்லாம் வேணாம். உங்க பூட்டன் என்ன வேலை பாத்தாரு, எப்படிச் செத்தாரு, அவ்வளவுதான்" என்றிருந்தாள். அவ்வளவுதானாம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கேள்வி என்று ஒன்று வந்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடும். தில்லை நகரில் இந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹாலில், பாயில் மல்லாந்து படுத்து, போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி இடது முட்டியின்மேல் போட்டுக்கொண்டு அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். வலது பெருவிரலில் ஒரு நைலான் கயிற்றின் சுருக்கு மாட்டியிருந்தது. கயிறு நேராகப் போய், மூடியிருந்த படுக்கையறைக் கதவில் பழைய பூட்டைக் கழற்றிய ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளே ஏசியின் குளிரில் சேலைத் தூளி. தூளிக்குள் ஆறு மாதத்துப் பிள்ளை ஆதிரா. ஆதிராவின் அம்மா ஹரிணி பாங்கில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தவமணி. ஏசிக் காற்று பட்டால் தவமணிக்கு மூக்கு அடைத்துத் தலை பிளக்கும். அதற்காக அவளே கண்டுபிடித்த வழிதான் இந்த ஓட்டையும் கயிறும். ஹரிணி பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். "சூப்பர் ஐடியாக்கா! எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" எப்படித் தோன்றியது? அன்றைக்கு அதைக் கேட்டுப் பெருமையாக இருந்தது. நேற்று ராத்திரியிலிருந்து அது பெருமையாக இல்லை.

என்ன வேலை பார்த்தார் என்ற முதல் கேள்விக்கே நேற்றுவரை அவளிடம் பதில் இருந்தது. பங்காக்காரர். துரைக்குப் பங்காக்காரர். வீட்டுக்கே அதுதான் பெயர். தவமணியின் கல்யாணப் பத்திரிகையில்கூடப் 'பங்காக்காரர் இல்லத் திருமணம்' என்று அப்பா அச்சுப்போட்டிருந்தார். பங்கு உள்ளவர், பங்காக்காரர், இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? துரையின் பங்களாவில், தோட்டத்தில், குதிரை லாயத்தில் பூட்டனுக்குப் பங்கு எழுதிவைத்திருந்தது, துரை கப்பலேறும்போது எவனோ ஏமாற்றிவிட்டான் என்று அப்பா சொல்லுவார். சொல்லும்போது மீசையில் ஒரு துடிப்பு வரும். கன்டோன்மென்ட்டில் அந்தப் பங்களா பிறகு கல்யாண மண்டபமானது. ஒரு முகூர்த்த நாளில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தவமணியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அதன் வாசலில் நின்று, "இதுல எங்களுக்குப் பங்கு இருக்கு" என்றார். மண்டபத்து மேனேஜர் பன்னீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே, "பந்தியிலதானே பெரியவரே? தாராளமா இருக்கு. ரெண்டாவது பந்தி ஆரம்பிக்கப் போறாங்க, பாப்பாவையும் கூட்டிட்டுப் போய் உக்காருங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் உட்கார்ந்து சாப்பிட்டார். வடையை வாங்கி அவள் இலையில் வைத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உரிமைக்காரன்னு தெரிஞ்சுதான்டி உக்கார வச்சுச் சோறு போட்டான், இல்லேன்னா முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எவன் போடுவான்?" என்றார். அம்மா, "அப்பளம் போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பந்தி நடந்த கூடத்தில் தலைக்கு மேலே உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள் தொங்கியது தவமணிக்கு இப்போது நினைவு வருகிறது. ஊஞ்சல் போட்டிருப்பார்கள் போல என்று அப்பா சொன்னார். சுவரில் உயரத்தில் ஒரு ஓட்டைகூட இருந்தது. இருந்ததா? இருந்ததாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? இதுதான், இப்படித்தான் தப்பாகப் போகும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி, அது ஒரு பிள்ளையின் காதில் விழுந்து, அந்தப் பிள்ளை இன்னொன்றிடம் சொல்லி. அப்பாவும் ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையைக் கேட்டார், தனக்குத் தெரிந்த வார்த்தையாக ஆக்கிக்கொண்டார், அவ்வளவுதான். கால் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு போய்ப் போய் வந்தது. பிள்ளையின் எடை கயிற்றில் தெரியும். பார்க்காமலே தெரியும். ஒரு சின்னப் பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விரலில் ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு.

பங்கு இல்லை பெரியம்மா, பங்கா. நேற்று ராத்திரி மதிவதனி சிரித்துக்கொண்டே சொன்னாள். "கரண்ட் வர்றதுக்கு முன்னாடி துரைமாருங்க வீட்டுல உத்தரத்துல ஒரு பெரிய துணி விசிறி தொங்கும். அது பேரு பங்கா. அதுல கயிறு கட்டி, சுவத்து ஓட்டை வழியா வெளிய விட்டு, வெளிய ஒருத்தர் உக்காந்து நாள் பூரா, ராத்திரி பூரா இழுக்கணும். அதான் பங்காக்காரர். நம்ம தாத்தா பங்கு கேட்டு மண்டபத்துக்குப் போனாராமே, ஐயோ, அம்மா சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன்." சிரிக்கட்டும், சிரிக்கிற வயசு. சிரித்துவிட்டு ஒரு படம் அனுப்பினாள். இவரு இல்லை, யாரோ ஒருத்தர், வேலை எப்படின்னு பாருங்க என்று எழுதியிருந்தாள். அந்தப் படத்தைத் தவமணி பார்த்தாள், போனை மூடிவைத்தாள், அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். சுவருக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மெலிந்த ஆள் மல்லாந்து படுத்திருக்கிறான். இடது முட்டியை மடக்கியிருக்கிறான். அதன்மேல் வலது கால். வலது பெருவிரலில் கயிறு. கயிறு சுவரின் ஓட்டைக்குள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாதபடி முகத்தில் வெயில் விழுந்திருந்தது. அவள் இப்போது எப்படிப் படுத்திருக்கிறாளோ அப்படி, ஒரு நூல் பிசகாமல். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் தானாகவே அப்படிப் படுத்தாள், தானாகவே கயிறு விரலுக்குப் போனது. கையில் பிடித்து இழுக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? எல்லாப் பொம்பளைகளும் தூளிக் கயிற்றைக் கையால்தானே இழுக்கிறார்கள். கட்டினவரும் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார், "ராத்திரி பூரா தையல் மிஷின் ஓட்டுற மாதிரி காலை ஆட்டுற. எவனுக்குடி துணி தைக்கிற?" அப்பாவுக்கும் ஆடும். அப்பா தூங்கும்போது பாயின் ஓரத்தில் வலது கால் மட்டும் போய்ப் போய் வரும், அம்மா அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டு வைப்பாள், தலையணையும் சேர்ந்து ஆடும். தங்கைக்கு ஆடாது. தங்கை படித்தாள், தங்கை மகள் படித்தாள், அவர்களுக்கு ஆடாது. படிப்பை விட்டதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், பைத்தியமாடி உனக்கு என்று தவமணி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

எப்படிச் செத்தார் என்பதுதான் இடறியது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அத்தை சொன்னதைச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பொன்னுத்தாய், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தை சொன்னதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா செத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைத் தவமணி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. செத்தவர்களுக்குக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அப்பாவுக்குத் தெருக்காரர் ஒருவர் கட்டப் போனபோது அத்தை பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். "வலது காலை விடுங்க. எங்க வீட்டுல அதைக் கட்டமாட்டோம்." அவர், "கட்டாட்டிக் கால் விரிஞ்சுக்கும்மா, பாக்கவும் நல்லாருக்காது" என்றார். "விரியட்டும். உங்க காலா அது?" என்றாள் அத்தை, கேதத்துக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க. அத்தையின் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தார்களாம், அவருடைய அப்பாவான பூட்டனுக்கும். ராத்திரி கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தபோது தவமணி கேட்டாள், ஏன் அத்தை கட்டக்கூடாது? அத்தை ஊதுபத்தியை மாற்றி வைத்தாள். பிறகு, "பங்காக்காரரு தூங்கிட்டாரு" என்றாள். "தூங்கிட்டாருன்னா?" "தூங்கிட்டாருன்னா தூங்கிட்டாரு. அதான்." அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது தவமணி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பாவின் வலது பெருவிரல் அசைந்தது. பெட்டியின் மோட்டார் அதிர்ந்ததால் இருக்கும். மோட்டார் அதிர்ந்தால் இரண்டு காலும்தானே அசைய வேண்டும். ஒரு கால்தான் அசைந்தது, மெதுவாக, இழுத்து விட்ட மாதிரி. பார்த்தாயா என்று அத்தையைக் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால்? நேற்றுவரை இது ஒரு வெறும் பயமாகத்தான் இருந்தது. கயிறு என்று தெரிந்த பிறகுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது பூராவும் கட்டிக் கிடந்த கால், செத்த பிறகாவது அவிழ்ந்து கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அப்படி நினைத்தால் அழுகை வரும், பயம் வராது. அப்படித்தான் மதிவதனியிடம் சொல்ல வேண்டும். ஆனால் இன்னொரு மாதிரியும் இருக்கலாம். வேலை இன்னும் முடியவில்லை, அங்கே எவனோ இன்னும் படுத்திருக்கிறான், காற்று நிற்கக்கூடாது, காலைக் கட்டினால் யார் இழுப்பது என்று விட்டிருக்கலாம்.

தூங்கிவிட்டார், சரி. தூங்கினால் என்ன ஆகும்? மதிவதனி ஒன்று சொன்னாள், தூங்கிப்போனவர்களைத் துரைமார்கள் வயிற்றில் உதைப்பார்களாம், அதில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்களாம், கேட்பார் இல்லையாம். அப்படியென்றால் பூட்டனை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பாவம் அவர்கள் தலையில். ஆனால் அத்தை முகத்தை மூடினாளே. அடிபட்டுச் செத்தவனைச் சொல்லும்போது கோபம்தானே வரும், முகத்தை மூடுவானேன்? பங்களா என்றால் துரை மட்டுமா இருப்பான், துரைசாணி இருந்திருப்பாள், சித்திரை வெயிலில், கொசுவலைக்குள், வேர்க்குரு போட்டு ஒரு கைப்பிள்ளை தூங்கியிருக்கும், வெளியே கயிறு நின்றுபோயிருக்கும், உள்ளே காற்று நின்றுபோயிருக்கும். வெளியே கிடந்தவனுக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. சுவர். ஓட்டை. கயிறு. ஐயோ, இதை யார் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொள்கிறேன். தவமணி போனை எடுத்துப் பேசும் பொத்தானை அழுத்தினாள். "கண்ணு மதி, பெரியம்மா பேசுறேன். நம்ம பூட்டன் இருக்காருல்ல, அவரு வந்து, தூங்கிட்டாரு" என்றாள். அதற்குமேல் வரவில்லை. அழித்தாள். அந்த நேரம் பார்த்து ஏசியின் உறுமல் நின்றது. தலைக்கு மேல் ஃபேன் ரெண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தது இன்றைக்குத்தானோ? வீடு சட்டென்று காது அடைத்த மாதிரி ஆனது. கதவைத் திறந்துவிடலாமா என்று நினைத்தாள். கரண்ட் போனால் திறக்காதீங்கக்கா, உள்ள இருக்குற குளிர் கொஞ்ச நேரம் நிக்கும் என்று ஹரிணி சொல்லியிருந்தாள். திறந்தால் கீல் கத்தும், பிள்ளை விழிக்கும், விழித்தால் ஒரு பாடு அழுவாள். கொஞ்ச நேரம் பார்க்கலாம், இப்போது வந்துவிடும், எப்போதும் வந்துவிடும். பூசணிக்காய் எடை விரலில் வந்து வந்து போனது. வெக்கை மேலே ஏறியது. கழுத்து மடிப்பில் வியர்வை ஊறியது. நேற்று ராத்திரி பூராவும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. மூடினால்தான் எரிச்சல் அடங்கும். மூடினால் என்ன, மூடினாலும் கால் நிற்காது, பங்காக்காரர் வீட்டுக் கால் தூக்கத்திலும் நிற்காது என்று ஹரிணியிடமே பெருமை அடித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கலாம். விழித்துக்கொண்டு.

கால் நிற்காது. சரி, நிற்கிறதா பார்ப்போமே என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. காலை நிறுத்தினாள். விரலை விறைத்துக்கொண்டாள். கயிறு மட்டும் போய்ப் போய் வந்தது. தூளி ஆடின வேகம், கொஞ்சத்தில் அடங்கிவிடும் என்று காத்திருந்தாள். அடங்கவில்லை. அவள் இழுக்கவில்லை, கயிறு அவளை இழுத்தது. பிள்ளைத் தூளியின் ஆட்டம் அவளுக்குத் தெரியும், அது சின்ன ஆட்டம், வெடுக் வெடுக்கென்று இருக்கும். இது அது இல்லை. இது நிதானமாக, நெடுகப் போய், அங்கே ஒரு கணம் நின்று, கனமாகத் திரும்பியது. ஒரு பெரிய துணி காற்றை அள்ளி அள்ளிப் போடுகிற மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஆறு மாதத்துப் பிள்ளையின் மூச்சு இல்லை, மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் படுத்த பெரிய ஆளின் மூச்சு, உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை. யாரு உள்ளே என்று கேட்க நினைத்தாள். இங்கே படுத்திருக்கிறவர்கள் அதைக் கேட்கக்கூடாது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டாள். உதை எந்தப் பக்கத்திலிருந்து வரும்? தலைமாட்டிலிருந்தா? இல்லை, தூங்குகிறவனுக்கு அது தெரியாது, அதுதான் தூக்கம். தூங்குகிறவனுக்கு. தவமணி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்த வெயில் எதிர்ச்சுவரில் ஏறி நின்றது. கரண்ட் இன்னும் வரவில்லை. கால் ஆடிக்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு, யாருடைய காலோ மாதிரி. ஆனால் விரலில் எடை இல்லை. கயிறு வெறும் கயிறாகப் போய் வந்தது. பூசணிக்காய் இல்லை.

எழுந்து கதவைத் திறக்க வேண்டும். அது ஒன்றுதான் செய்ய வேண்டியது, அது ஒன்றுதான் அவளால் முடியவில்லை. திறக்காதவரை எதுவும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால் நடந்தது நடந்ததாகிவிடும். வெளியே கிடந்தவனும் இப்படித்தான் கிடந்திருப்பான், விழித்துவிட்டு, சத்தம் காட்டாமல், உள்ளே ஒரு அழுகையாவது கேட்காதா என்று. அழு ஆதிரா, அழுடி தங்கம், ஒரே ஒரு தடவை. சத்தம் இல்லை. அவள் சுருக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, கைப்பிடியைத் திருகினாள். கீல் கத்தியது. உள்ளிருந்து சோற்றுப்பானை மூடியைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. குளிரும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லா ஜன்னலும் அடைத்த அறை, ஒரு பொட்டுக் காற்று இல்லை. தூளியில் கட்டியிருந்த முனை அவிழ்ந்து கயிறு தரையில் கிடந்தது. எப்போது அவிழ்ந்ததோ. அப்படியும் தூளி ஆடிக்கொண்டிருந்தது. லேசாக இல்லை, நன்றாக, நிதானமாக, நெடுகப் போய் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. அவள் தூளியைப் பிடித்து நிறுத்தி மடிப்பை விலக்கினாள். பிள்ளை விழித்திருந்தது. தலைமுடி தலையோடு ஒட்டி, சட்டை தொப்பலாக நனைந்து, கன்னம் தீயாய்ச் சிவந்து, அழாமல், தவமணியைப் பார்க்காமல், உத்தரத்தை, இல்லை, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே வெறும் இடத்தை, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தது. தவமணி மேலே பார்க்கவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். அப்புறம்தான் அது அழுதது.

செருப்புப் போடவில்லை, வீட்டைப் பூட்டவில்லை. பால் புட்டியும் போனும் கையில் எப்படி வந்தன என்று தெரியவில்லை. மூன்று மாடியும் இறங்கி வந்து வேப்பமரத்து நிழலில் நின்றாள். காற்று இருந்தது. ஈரச் சட்டையைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, பாலை ஊட்டினாள். பிள்ளை குடித்தது. மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பிச்சைமுத்து, கரி கொஞ்சம் ஆறட்டும் என்று பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, பேய் பாத்த மாதிரி ஓடி வர்றீங்க? கரண்டுதானே போச்சு." அவள் போனை அழுத்தினாள். ஹரிணி எடுத்ததும், கரண்ட் போச்சு, கீழே வச்சிருக்கேன், நல்லாயிருக்கா என்றுதான் சொல்ல நினைத்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. "நான் தூங்கிட்டேன்மா" என்று வாயில் வந்தது. "என்னக்கா?" "தூங்கிட்டேன். கரண்ட் போச்சு, கதவு மூடியிருந்துச்சு, எவ்வளவு நேரம்னு தெரியல, நான் தூங்கிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, பால் குடிக்கிறா." அந்தப் பக்கம் பாங்கில் யாரோ டோக்கன் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் ஹரிணி, "வீடியோ போடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. தவமணி போனைத் திருப்பிப் பிள்ளையைக் காட்டினாள், ஹரிணி வெகுநேரம் பார்த்தாள். "நான் கிளம்பி வர்றேன்" என்றாள். வேலை போனாலும் போகும். போகட்டும். சொன்ன பிறகு நெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. அத்தை சொன்னதும் இப்படித்தான் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லாததால்தான் அதற்குமேல் சொல்லவில்லை. அல்லது அதற்குமேல் இருந்ததைச் சொன்னால் சொல்கிறவள் தாங்கமாட்டாள். மதிவதனிக்கும் அந்த ஒரு வரியைத்தான் சொல்ல வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பிச்சைமுத்து துணி மூட்டையைத் தள்ளி அவளுக்கு இடம் செய்தார். "உக்காருங்க. முகம் வெளுத்துக் கெடக்கு. பிள்ளை தூங்கிருச்சுன்னா நீங்களும் சித்த நேரம் கண்ணை மூடுங்க, நான் இங்கதானே நிக்கிறேன், பாத்துக்கிறேன்" என்றார். "வேணாண்ணே. நான் தூங்கக்கூடாது. கண்ணு மூடினா ஒரு அதட்டுப் போடுங்க." "அதட்டுனா எழுந்திருக்கிற ஆளா நீங்க? மத்தியானம் மேல இருந்து உங்க குறட்டை கீழ வரைக்கும் கேக்குது." அவர் சிரித்தார். தவமணி அவரைப் பார்த்தாள். "என் குறட்டையா?" "பின்ன? உள்ள இழுக்கும்போது ஒரு விசில் வருமே. தினமும்தான் கேக்குது. நான்கூட ஹரிணியம்மா வீட்டுக்கார சார்தான் லீவு போல, வீட்டுல படுத்துத் தூங்குறாருன்னு நெனச்சிருக்கேன்." தான் குறட்டை விடுவதாக இத்தனை வருஷத்தில் கட்டினவர் ஒருநாளும் சொன்னதில்லை. காலைத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாடி ஜன்னல்கள் அடைத்தபடியே இருந்தன. ஆதிரா தோளில் சாய்ந்து கண் செருகினாள், சின்ன மூச்சு, பால் வாசனை. தவமணி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வலது பாதத்தை இடது தொடைக்கு அடியில் கொடுத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் இறக்கினாள். அடியில் அது அசைந்தது. ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாள். தெருமுனையில் ஹரிணியின் வண்டி திரும்பும்வரை அந்தக் காலின்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.